முதல் பயணம் நம் ஆற்றோடு போகட்டும்

பள்ளிப்பட்டு வட்டத்து இளைஞர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பிகளே, தங்கைகளே,

பள்ளிப்பட்டிலும் பொதட்டூர்பேட்டையிலும் அத்திமாஞ்சேரிப்பேட்டையிலும் சுற்றியுள்ள சிற்றூர்களிலும் இருந்து, விடுமுறை வந்தால் நண்பர்களோடு வண்டி கட்டிக்கொண்டு கிளம்பும் உங்கள் எல்லோருக்கும் சேர்த்தே இந்த மடலை எழுதுகிறேன். தேர்வு முடிந்த கையோடு ஊட்டி, கொடைக்கானல்; வேலைக்குப் போய் நாலு காசு சேர்ந்ததும் கோவா; என்றாவது ஒருநாள் அமெரிக்கா என்று உங்கள் ஆசைகளுக்கு ஒரு வரிசை இருக்கிறது. அமெரிக்காவில் வேலை பார்க்கும் நம்மவர்கள் நாலைந்து பேராகச் சேர்ந்து, வாடகைக்கு வண்டி எடுத்து, நயாகரா அருவி, கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கு, சான் பிரான்சிஸ்கோ பாலம் என்று சுற்றிவரும் படங்கள் உங்கள் கைப்பேசிக்கு வந்துகொண்டே இருக்கின்றன. அந்த ஆசையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நண்பர்களோடு நீண்ட சாலையில் போவது இளமைக்கு வாய்த்த நல்ல இன்பங்களில் ஒன்று. நான் பேச வந்தது அந்த வரிசையைப் பற்றி. உங்கள் முதல் பெரிய பயணத்தைப் பள்ளிப்பட்டைச் சுற்றி ஏறத்தாழ நூறு கிலோமீட்டருக்குள் வைத்துக்கொள்ளுங்கள் என்று கேட்கிறேன். ஊர்ப்பாசம் மட்டுமே இதற்குக் காரணம் என்று எண்ணிவிட வேண்டாம். உலகப் புகழ்பெற்ற இடங்களுக்கு எவற்றைத் தேடி மக்கள் போகிறார்களோ, அந்தக் காலத்தின் ஆழமும் நிலத்தின் விந்தையும் மனிதர் விட்டுச் சென்ற தடமும் இந்த வட்டத்துக்குள் குறைவில்லாமல் கிடக்கின்றன. இங்கே குறைவது பேர்தான். பேர் எப்படி வருகிறது என்பதிலிருந்தே தொடங்குகிறேன்.

அமெரிக்காவின் மவுண்ட் ரஷ்மோர் மலையை எல்லோரும் படத்தில் பார்த்திருப்பீர்கள். வாஷிங்டன், ஜெபர்சன், தியடோர் ரூஸ்வெல்ட், லிங்கன் ஆகிய நால்வரின் முகங்கள் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 60 அடி உயரத்தில் பாறையில் செதுக்கப்பட்டிருக்கின்றன. அது பழைய நினைவுச் சின்னம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். 1923-இல் தெற்கு டக்கோட்டா மாநிலத்தின் வரலாற்றாசிரியரான டோன் ராபின்சன், தன் மாநிலத்துக்குச் சுற்றுலாப் பயணிகள் வர வேண்டும் என்பதற்காக முன்வைத்த யோசனை அது. 1927-இல் வேலை தொடங்கி 1941-இல் நின்றது. இன்று ஆண்டுக்கு 20 லட்சம் பேருக்கு மேல் அங்கே வருகிறார்கள். அந்த மலைப்பகுதி 1868-ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி லக்கோட்டா மக்களுக்கு உரியது. பிறகு அவர்களிடமிருந்து பறிக்கப்பட்டது. 1980-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதற்கு இழப்பீடு தர வேண்டும் என்று தீர்ப்பளித்தது. பணம் வேண்டாம், மலைதான் வேண்டும் என்று அவர்கள் இன்றுவரை அதைத் தொடவில்லை. வண்டியை நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? ஓர் இடத்தின் புகழ் அந்த இடத்தின் தகுதியால் தானாக முளைப்பதில்லை. யாரோ முனைந்து, சாலை போட்டு, ஆளை வரவழைத்து, கதை சொல்லி அதை உண்டாக்குகிறார்கள். அப்படி உண்டான புகழ் சில உண்மைகளைக் காட்டும், வேறு சிலவற்றை மறைக்கும்.

இதே நாட்டிலிருந்து, நமக்கு இன்னும் பொருத்தமான ஒரு சான்று உண்டு. நண்பர்களின் நெடும்பயணம் என்றாலே அமெரிக்கர்கள் சொல்வது 66-ஆம் எண் சாலையைத்தான். 1926-இல் அமைந்த அந்தச் சாலை சிகாகோவிலிருந்து மேற்குக் கடற்கரை வரை ஏறத்தாழ 3,900 கிலோமீட்டர் ஓடியது. 1956-இல் வந்த சட்டத்தால் பெரிய விரைவுச் சாலைகள் பெருகின. பழைய சாலையோரத்து ஊர்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. அரிசோனாவில் செலிக்மன் என்ற சிற்றூரைப் புதிய சாலை 1978-இல் ஒதுக்கிவிட்டுப் போனது. நாள் முழுக்க ஓயாமல் வண்டி ஓடிய தெரு வெறிச்சோடியது. 1985-இல் 66-ஆம் எண்ணே அரசுப் பட்டியலிலிருந்து எடுக்கப்பட்டது. அந்த ஊர் முடிதிருத்துநர் ஏஞ்சல் டெல்காடியோவும் சிலரும் 1987-இல் ஒரு சங்கம் அமைத்து, இந்தச் சாலை வரலாற்றுச் சாலை என்று மாநில அரசை அறிவிக்க வைத்தார்கள். இன்று உலகெங்கிலுமிருந்து ஆட்கள் அந்த ஊரைத் தேடி வருகிறார்கள். அங்கே புதிதாக மலையும் முளைக்கவில்லை, அருவியும் பிறக்கவில்லை. இருந்த சாலையை அந்த ஊர்க்காரர்கள் மதித்தார்கள். பிறகு உலகமும் மதித்தது. சென்னை–திருப்பதி நெடுஞ்சாலையை விட்டு விலகியிருக்கும் பள்ளிப்பட்டு போன்ற ஊருக்கு இதைவிடத் தெளிவான பாடம் கிடைப்பது அரிது.

இனி நம் நிலத்துக்கு வருவோம். உங்களுக்குக் கொசஸ்தலை ஆறு என்றால் பெரும்பாலும் மழைக்காலச் செய்திதான். ஆந்திரத்தில் கிருஷ்ணாபுரம் அணை திறந்தார்கள், நெடியம் தரைப்பாலம் மூழ்கியது, சாமந்தவாடா போக்குவரத்து நின்றது என்று கேள்விப்படுவதோடு ஆற்றின் கதை முடிந்துவிடுகிறது. மற்ற மாதங்களில் அது மணலும் முட்புதரும் கிடக்கும் அகலமான வெற்றிடம். அந்த ஆற்றோடு கூடவே கீழே போய்ப் பாருங்கள். சொரக்காய்பேட்டை, நல்லாட்டூர் தாண்டித் திருவள்ளூர்ப் பக்கம் இறங்கினால் பட்டரைப்பெரும்புதூர் வரும். தமிழ்நாடு தொல்லியல் துறை அங்கே அகழாய்வு செய்து கற்கால மனிதரின் கருவிகளையும் பிற்கால மக்களின் பொருள்களையும் ஒரே ஊரில் எடுத்திருக்கிறது. அதற்கப்பால், நகரி ஆறும் வந்து கலக்கும் பூண்டி நீர்த்தேக்கம். 1944-இல் கட்டி முடிக்கப்பட்டு, பிறகு சத்தியமூர்த்தியின் பெயரைப் பெற்ற அந்த ஏரியிலிருந்தும் சென்னை குடிக்கிறது. நெடியத்தில் நம் வழியை மறிக்கும் வெள்ளம், சில நாள் கழித்துச் சென்னையில் ஒரு வீட்டுக் குழாயில் வரும் தண்ணீர். அங்கிருந்து தாமரைப்பாக்கம், வள்ளூர் அணைக்கட்டுகளைத் தாண்டி எண்ணூரில் ஆறு கடலைச் சேர்கிறது. அனல்மின் நிலையங்களின் சாம்பலையும் அந்தக் கழிமுகம் சுமக்கிறது. ஊரில் ஓடும் ஓர் ஆற்றை முகத்துவாரம் வரை தொடர்ந்து போய்ப் பார்த்தவருக்குத் தண்ணீர் அரசியலைப் பற்றி யாரும் தனியாகப் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

பூண்டிக்கு அருகில், இந்த ஆற்றுப் படுகையிலேயே, அத்திரம்பாக்கம் இருக்கிறது. புவியியலாளர் இராபர்ட் புரூஸ் புட் 1863 மே மாதம் பல்லாவரத்தில் ஒரு கற்கருவியைக் கண்டெடுத்தார். அதே ஆண்டு செப்டம்பரில் அவரும் அவருடைய சகா வில்லியம் கிங்கும் அத்திரம்பாக்கத்தில் குவியலாகக் கற்கருவிகளைக் கண்டார்கள். இந்தியாவில் பழைய கற்கால ஆய்வே அந்த ஆண்டில்தான் தொடங்கியது. 1999 முதல் சாந்தி பப்பு, குமார் அகிலேஷ் குழுவினர் அங்கே முறையாகத் தோண்டினார்கள். அடி அடுக்கிலிருந்த கைக்கோடரிகள் ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டு பழையவை என்று 2011-இல் 'சயின்ஸ்' இதழிலும், அதற்கு மேலிருந்த அடுக்கில் கருவி செய்யும் முறையே மாறியது ஏறத்தாழ 3,85,000 ஆண்டுகளுக்கு முன் என்று 2018-இல் 'நேச்சர்' இதழிலும் எழுதினார்கள். அமெரிக்கக் கண்டத்தில் இதுவரை கிடைத்த மிகப் பழைய மனிதத் தடங்களில் ஒன்று நியூ மெக்சிகோவின் ஒயிட் சேண்ட்ஸ் காலடிச் சுவடுகள். அவற்றின் வயது 21,000 முதல் 23,000 ஆண்டுகள் என்று கணித்திருக்கிறார்கள். இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பழமையைத் தேடி எந்தத் திசையில் வண்டியைத் திருப்ப வேண்டும் என்பது விளங்கும்.

அங்கே போனால் என்ன பார்ப்பது என்று கேட்பீர்கள். முதலில் பூண்டியில் இருக்கும் தொல்லியல் துறை அருங்காட்சியகத்துக்குப் போங்கள். ஒரு கைக்கோடரியின் முன்னால் ஐந்து நிமிடம் நில்லுங்கள். ஒரு முனை கூராகவும் மறுமுனை பிடிக்க வாகாக உருண்டும் இருக்கும். இரண்டு பக்கமும் சிறு சிறு குழிவுகள். ஒவ்வொரு குழிவும் ஒரு சில்லு தெறித்த இடம். அதாவது ஓர் அடி. எந்தக் கோணத்தில் அடித்தால் எவ்வளவு தெறிக்கும் என்று கணக்குப் போட்டு, ஒரு பக்கம் அடித்து, திருப்பிப் பிடித்து மறுபக்கம் அடித்திருக்கிறது ஒரு கை. நம்மைப் போன்ற மனித இனம் தோன்றுவதற்கு வெகுகாலம் முந்தைய கை அது. பிறகு குடியம் குகைப் பக்கம் நடங்கள். புதர்க்காட்டுக்குள் போகும் அந்தப் பாதைக்கு வனத்துறை அனுமதி வேண்டும், குடிதண்ணீரும் வேண்டும். குகையின் மேற்கூரையை அண்ணாந்து பார்த்தால், கடலை உருண்டையில் கடலை பதிந்திருப்பதுபோல, பாறைக்குள் உருண்டைக் கூழாங்கற்கள் நெருக்கமாகப் பதிந்திருக்கும். ஏதோ ஒரு பழைய ஆறு உருட்டிக் கொண்டுவந்த கற்கள் அவை. அந்தக் கற்களைப் பொறுக்கித்தான் ஆதி மனிதர் கருவி செய்தார்கள். அருங்காட்சியகத்துப் பெட்டிக்குள் இருக்கும் கோடரியும் குகைக் கூரையில் இருக்கும் கூழாங்கல்லும் குவார்ட்சைட் என்ற ஒரே வகைக் கல். நம் வடக்கே தெரிகிற நகரி மலைகளும் அதே வகைப் பாறைதான்.

அந்த நகரி மலையைப் பற்றி இன்னும் ஒரு செய்தி இருக்கிறது. கிராண்ட் கேன்யனை மக்கள் வியப்பதற்கு அதன் ஆழம் மட்டும் காரணமில்லை. ஜான் வெஸ்லி பவல் 1869-இல் படகில் அந்தப் பள்ளத்தாக்கின் வழியே போன நாளிலிருந்து அறிஞர்களை இழுத்துக்கொண்டிருப்பது, அதன் சுவர்களில் தெரியும் ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே மிகப் பழைய பாறை. மேலே அதைவிட வெகு இளைய பாறை. நடுவில் கோடிக்கணக்கான ஆண்டுகளின் பதிவே இல்லை. அதே வகையான இடைவெளி ஒன்று திருமலைக்கு ஏறும் மலைப்பாதையில் இருக்கிறது. அடியில் இந்தத் தீபகற்பத்தின் மிகப் பழைய கருங்கல் பாறைகள். அவற்றின் மேல் படிந்து இறுகிய மணற்பாறை அடுக்குகள். மேலடுக்குக்குப் புவியியலார் வைத்திருக்கும் பெயர் 'நகரி குவார்ட்சைட்'. உலகின் எந்த மூலையில் இந்தியப் பாறைகளைப் படிப்பவரும் நம் பக்கத்து ஊரின் பெயரைத் தெரிந்து வைத்திருக்கிறார். மலைப்பாதையில் இந்த இடைவெளி தெரியும் இடத்தை இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை தேசியப் புவியியல் நினைவுச் சின்னமாக அறிவித்திருக்கிறது. மலைமேல் இருக்கும் சிலாதோரணமும் அப்படி அறிவிக்கப்பட்டதே. காற்றும் நீரும் அரித்து உண்டாக்கிய இயற்கைக் கல்வளைவு அது. இப்படிப்பட்ட வளைவுகளைப் பார்க்கத்தான் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்துக்கு ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் வண்டி ஓட்டிப் போகிறார்கள். மொட்டை போடவும் வேண்டுதல் தீர்க்கவும் நம் வட்டத்திலிருந்து ஆண்டுதோறும் எத்தனையோ குடும்பங்கள் அந்த மலைப்பாதையில் ஏறி இறங்குகின்றன. சாமியைக் கும்பிடுவதோடு அவர் நிற்கும் மலையையும் ஒருமுறை பார்த்துவிட்டு வருவதில் பக்திக்குக் குறைவேதும் வராது.

மனிதர் செய்தவற்றுக்கு வந்தால் இந்த வட்டம் இன்னும் செழிப்பானது. எல்லாவற்றையும் அடுக்கினால் பட்டியலாகிவிடும். இரண்டை மட்டும் சொல்கிறேன். திருத்தணிக்குக் கிழக்கே திருவாலங்காடு. காரைக்கால் அம்மையார் தலையால் நடந்து வந்ததாகச் சொல்லும் தலம், நடராசரின் ஐந்து சபைகளில் இரத்தின சபை. அந்தக் கோயிலில் 1905-இல் முதலாம் இராசேந்திர சோழனின் செப்பேடுகள் கிடைத்தன. வளையத்தில் கோத்த 31 ஏடுகள், வடமொழியும் தமிழும் எழுதியவை. சோழர் வரலாற்றை எழுதியவர்கள் அனைவரும் அவற்றைக் கையாண்டிருக்கிறார்கள். அந்த ஏடுகள் கோயிலுக்குத் தந்ததாகச் சொல்லும் பழையனூர் இன்றும் அதே பெயரோடு அருகில் இருக்கிறது. ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய ஓர் ஆவணத்தில் எழுதிய ஊருக்குள் பைக்கை ஓட்டிப் போகலாம் என்பது எத்தனை பேருக்குக் கிடைக்கும் பேறு? அடுத்தது, ரேணிகுண்டா பக்கத்தில் சுவர்ணமுகி ஆற்றங்கரையில் இருக்கும் குடிமல்லம். கருவறையில் ஆளுயரத்துக்குச் சற்றுக் குறைவான இலிங்கம். அதன் முன்பக்கத்தில் ஒரு வேடன் உருவம் செதுக்கப்பட்டிருக்கிறது. ஒரு கையில் தலைகீழாகத் தொங்கும் ஆடு, தோளில் சாய்த்த மழு, காலடியில் குந்தியிருக்கும் குள்ளன். கிறித்து பிறப்பதற்கு முன்பே செதுக்கியது என்று ஆய்வாளர் பலர் சொல்கிறார்கள். சிவ வழிபாட்டின் மிகத் தொன்மையான உருவங்களைப் பற்றி உலகில் எந்த நூல் பேசினாலும் குடிமல்லத்தைத் தாண்டிப் போக முடியாது. அங்கே ஒரு நாள் வரும் கூட்டத்தைவிடப் பக்கத்திலிருக்கும் காளத்தியில் ஒரு மணி நேரத்தில் வரும் கூட்டம் பெரிது.

இந்த இடங்களில் பாதி ஆந்திரத்தில் இருக்கிறதே, அதை எப்படி நம்முடையது என்பது என்று கேட்கலாம். பள்ளிப்பட்டுக்காரர்கள் தயங்காமல் பதில் சொல்லக்கூடிய கேள்வி இது. 1953 அக்டோபர் 1-இல் ஆந்திர மாநிலம் பிரிந்தபோது சித்தூர் மாவட்டத்தோடு சேர்ந்து நம் ஊரும் அங்கே போனது. ம.பொ.சி.யின் தமிழரசுக் கழகமும் மங்கலங்கிழார் போன்ற தமிழாசிரியர்களும் முன்னின்ற வடக்கெல்லைப் போராட்டத்துக்குப் பிறகு, கிராமத்தை அலகாகக் கொண்டு எல்லையை வகுக்கும் படாஸ்கர் பரிந்துரை வந்தது. 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி வட்டமும் பள்ளிப்பட்டும் சென்னை மாநிலத்துக்குத் திரும்பின. அதே நாளில் செங்கற்பட்டு மாவட்டத்திலிருந்து சத்தியவேடு ஆந்திரத்துக்குப் போனது. கோடு மாறியது, ஆறும் மலையும் சொந்தபந்தமும் இருந்த இடத்தில் இருந்தன. இன்றும் ஒரே வீட்டில் தமிழும் தெலுங்கும் பேசும் குடும்பங்கள் நம்மிடையே எத்தனையோ. நகரியிலும் நம் பக்கத்திலும் விசைத்தறி ஒரே ஓசையோடுதான் ஓடுகிறது. அமெரிக்காவில் நண்பர்கள் ஒரு மாநில எல்லையைத் தாண்டும்போது பலகையருகே நின்று மகிழ்ச்சியோடு படம் எடுத்துக்கொள்கிறார்கள். நம் எல்லைக்குப் பின்னால் சிறை சென்றவர்களின் கதை இருக்கிறது, இழப்பு இருக்கிறது, இருபுறமும் விட்டுக்கொடுத்த உடன்பாடும் இருக்கிறது. இதைத் தெரிந்துகொண்டு இரண்டு மொழியும் பேசி இந்த எல்லையைக் குறுக்கும் நெடுக்கும் கடக்க உங்களைவிடத் தகுதியானவர் யார்?

நண்பர்களோடு என்ற சொல்லுக்கு வருகிறேன். என் வாதத்தில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இதுதான். நாலு நாள் கோவா பயணம் என்றால் குழுவில் யார் வருவார்கள், யார் நின்றுவிடுவார்கள் என்று யோசித்துப் பாருங்கள். தறியில் கூலிக்கு ஓட்டுபவன் நாலு நாள் கூலியை இழக்க முடியாது. கரும்பு வெட்டும் பருவத்தில் வீட்டுக்கு ஒற்றைப் பிள்ளையாக இருப்பவன் நகர முடியாது. பங்குப் பணம் கட்ட முடியாதவன் அதைச் சொல்ல வெட்கப்பட்டு, உடம்பு சரியில்லை என்று ஒதுங்கிக்கொள்வான். பெண்களுக்கோ பெரும்பாலான வீடுகளில் பேச்சே எடுக்க முடியாது. இப்படிப் பாதிப்பேரை விட்டுவிட்டுப் போகும் பயணம், போனவர்களுக்குள்தான் நட்பை வளர்க்கும். நின்றவர்களோடு இருந்த நட்பில் ஒரு சிறு விரிசலை விட்டுச்செல்லும். காலையில் கிளம்பி இருட்டுவதற்குள் திரும்பும் பயணத்தில் இவர்கள் எல்லோருக்கும் இடம் உண்டு. ஒரு நாள் விடுப்பு யாருக்கும் கிடைக்கும். ஒரு வேன் வாடகையைப் பத்துப் பேர் பகிர்ந்தால் யாருக்கும் பாரமில்லை. தோழிகள் நாலு பேராகச் சேர்ந்து பூண்டிக்கும் திருவாலங்காட்டுக்கும் போய்வருகிறோம் என்று கேட்டால், முதலில் மறுக்கும் வீடும் இரண்டாம் முறை சம்மதிக்கும். தங்கைகளே, இதை உங்களுக்காக அழுத்திச் சொல்கிறேன்: தூரப் பயணத்துக்கான அனுமதியும் துணிவும் பக்கத்துப் பயணத்தில்தான் பிறக்கின்றன.

எதிர்த்துச் சொல்லக்கூடியவற்றையும் நேர்மையாக எடுத்துக்கொள்வோம். முதலாவது: அத்திரம்பாக்கத்தில் பார்க்க ஒன்றுமில்லை, வெறும் நிலம், பயணம் என்றால் கொண்டாட்டம் வேண்டாமா? நிலத்தில் கண்ணைப் பறிக்கும் காட்சி இல்லை என்பது உண்மை. கிராண்ட் கேன்யனில்கூட, பாறை அடுக்கைப் படிக்கத் தெரியாதவருக்குக் கால் மணி நேரத்தில் அலுத்துவிடும். அதனால்தான் தேசியப் பூங்காக்களுக்கென்று 1916-இல் அமைந்த அமெரிக்கத் துறை, வருகிறவர்களுக்கு விளக்கிச் சொல்ல ஆட்களை வைத்திருக்கிறது. நம்மிடம் அந்த ஏற்பாடு போதாது. அதனால் போவதற்கு முன் ஒருவர் ஓரிடத்தைப் படித்துவந்து மற்றவர்களுக்குச் சொல்லுங்கள். ஒரு மணி நேர வாசிப்பு ஒரு வயலை வரலாறாக மாற்றிவிடும். கொண்டாட்டத்துக்கும் குறைவில்லை. நாராயணவனம் பக்கத்தில் கைலாசகோனா அருவி இருக்கிறது. சந்திரகிரிக் கோட்டையின் ராஜா மகாலும் விஜயநகர மன்னர்களின் கதையும் இருக்கின்றன. சுருட்டப்பள்ளியில் சிவன் பள்ளிகொண்ட அபூர்வக் கோலம் இருக்கிறது. நகரியிலும் புத்தூரிலும் சாலையோரத்தில் சுடச்சுடச் சாப்பிடலாம். பாட்டும் கூத்தும் வண்டிக்குள் நீங்கள் கொண்டுபோவதுதானே.

இரண்டாவது எதிர்ப்பு வலுவானது. தூர தேசம் போனால்தான் மனம் விரியும். பக்கத்திலேயே சுற்றினால் கிணற்றுத் தவளையாகிவிட மாட்டோமா? தூரம் போக வேண்டாம் என்று நான் ஒரு வரியும் எழுதவில்லை. திருத்தணியில் 1888-இல் பிறந்த இராதாகிருஷ்ணன் ஆக்ஸ்போர்டு வரை போய் இந்தியத் தத்துவத்தைக் கற்பித்தார். இங்கிருந்து கொண்டுபோக அவரிடம் ஒன்று இருந்ததால்தான் அங்கே அவரை உட்கார வைத்துக் கேட்டார்கள். மனத்தை விரிப்பது கிலோமீட்டர் கணக்கு இல்லை, ஒப்பிட்டுப் பார்க்கும் பழக்கம். ஒப்பிட இரண்டு பொருள் வேண்டும். திருமலைப் பாதையின் பாறைக் கோட்டைப் பார்த்தவர், என்றாவது கிராண்ட் கேன்யனின் விளிம்பில் நிற்கும்போது தன் கண்ணெதிரே இருப்பதை இனம் கண்டுகொள்வார். வடக்கெல்லையின் கதை தெரிந்தவர், மவுண்ட் ரஷ்மோரில் லக்கோட்டா மக்களைப் பற்றிக் கேட்பார். இரண்டும் தெரியாதவர் அங்கேயும் படம் மட்டும்தான் எடுப்பார். அமெரிக்காவுக்குப் போகும் வாய்ப்பு உங்களில் சிலருக்கு நிச்சயம் வரும். வரும்போது உங்கள் ஊர் எது என்று அங்கே யாராவது கேட்டால், சென்னைப் பக்கம் என்று சொல்லி நழுவாமல், 15 லட்சம் ஆண்டுகளாக மனிதக் கை வேலை செய்த ஆற்றங்கரை என்று சொல்ல வேண்டாமா?

மூன்றாவது கேள்வியை எனக்கு நானே கேட்டுக்கொள்கிறேன். ஆட்கள் போகாததால்தான் இந்த இடங்கள் பிழைத்திருக்கின்றன. கூட்டத்தை அழைத்தால் கெட்டுவிடாதா? இந்தக் கவலை வெறும் கற்பனை என்று சொல்லிவிட முடியாது. குகைச் சுவரில் காதலர் பெயர், அருவிக்கரையில் உடைந்த பாட்டில், பாறையிடுக்கில் நெகிழிப் பை என்று நம் சுற்றுலாவின் அடையாளங்கள் எல்லோரும் அறிந்தவை. ஆனால் யாரும் போகாத இடங்களும் தப்புவதில்லை. மண் அள்ளும் இயந்திரமும் குவாரியும் ஆளில்லாத இடத்தைத்தான் முதலில் தேடி வருகின்றன. ஓர் இடத்தைத் தெரிந்தவர்கள் ஊரில் நூறு பேர் இருந்தால் அதைத் தொடுவதற்கு ஒருவன் யோசிப்பான். ஆகவே போங்கள், சில கட்டுப்பாடுகளோடு போங்கள். தொல்லிடத்தில் கிடக்கும் ஒரு கல்லையும் எடுக்காதீர்கள். கிடந்த இடத்தை விட்டு எடுத்த கருவி ஆய்வாளருக்குப் பாதி ஊமை. சுவரில் எழுதாதீர்கள். கொண்டுபோன குப்பையைத் திரும்பக் கொண்டுவாருங்கள். அனுமதி வேண்டிய காட்டுக்குள் அனுமதி இல்லாமல் நுழையாதீர்கள். அருவியிலும் அணைக்கட்டிலும் நீச்சல் தெரியாமல் இறங்காதீர்கள். வெள்ளம் போகும் தரைப்பாலத்தில் வண்டியை விடாதீர்கள். குடித்துவிட்டு ஒருவரும் ஓட்டக்கூடாது. பைக்கில் பின்னால் இருப்பவருக்கும் ஹெல்மெட் வேண்டும். திரும்பி வந்த பயணம்தான் பயணம்.

எப்படித் தொடங்குவது என்று கேட்டால், மூன்று ஞாயிற்றுக்கிழமைகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள் என்பேன். முதல் ஞாயிறு ஆற்றோடு கீழே: நெடியம், திருத்தணி, திருவாலங்காடு, பூண்டி, குடியம். இரண்டாவது வடக்கே: நகரி, புத்தூர், நாராயணவனம், சந்திரகிரி, திருமலை மலைப்பாதை. மூன்றாவது ஒரு வளையம்: காளத்தி, குடிமல்லம், சத்தியவேடு, சுருட்டப்பள்ளி, ஊத்துக்கோட்டை. ஒவ்வொரு பயணமும் முடிந்த பிறகு, பார்த்ததைத் தமிழிலும் தெலுங்கிலும் ஒரு பக்கம் எழுதுங்கள். உங்கள் பள்ளி ஆசிரியரிடம் கொடுங்கள். கைப்பேசியில் படம் போடும்போது படத்தின் கீழே இடத்தின் பெயரையும் அதன் கதையையும் நாலு வரி சேருங்கள். செலிக்மன் ஊர்க்காரர்களிடம் தொடக்கத்தில் இதைவிட அதிகமாக ஒன்றும் இருக்கவில்லை. வருகிற விடுமுறைக்குப் பெயர் கொடுத்து, பங்குப் பணம் பேசி, குழு சேர்க்கத் தொடங்கும்போது இந்த மடலை ஒருமுறை எல்லோருமாகப் படியுங்கள். சென்ற முறை வர முடியாமல் நின்றுவிட்ட நண்பரின் பெயரை இந்த முறை முதலில் எழுதுங்கள். வண்டியைக் கொசஸ்தலைக் கரையிலிருந்து கிளப்புங்கள்.

அன்புடன்,
உங்கள் வட்டத்து வாசகர்களில் ஒருவர்